நார்மண்டியிலிருந்து ஒரு விந்துக்குச்சி

நீளம் 133 மில்லிமீட்டர். தடிமன் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். கொள்ளளவு அரை மில்லி. ஒரு முனையைப் பஞ்சும் பொடியும் மறுபடி பஞ்சுமாக அடைத்த பிளாஸ்டிக் குழல். நம் ஊரில் மாடு வளர்ப்பவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சினை ஊசி போட வருகிறவர் நைட்ரஜன் கேனிலிருந்து வெண்புகை பறக்க எடுத்து, வெதுவெதுப்பான நீரில் போட்டு, துடைத்து, முனையைக் கத்தரித்துச் செருகுகிறாரே, அதே விந்துக்குச்சிதான். மாட்டுக்குப் பெரும்பாலும் கால் மில்லிக் குச்சி வரும். குதிரைக்கு அரை மில்லி. பார்வைக்கு அவ்வளவுதான் வித்தியாசம். உள்ளே உறைந்திருக்கும் உயிரின் கதை வேறு.

காளையின் உறைவிந்துக்கு இந்தியாவில் வகுத்திருக்கும் குறைந்தபட்சத் தரம் இது: ஒரு குச்சியில் 2 கோடி விந்தணுக்கள், உருக்கிய பிறகு அவற்றில் பாதியாவது முன்னோக்கி நீந்த வேண்டும். ஒரு பசுவுக்கு ஒரு குச்சி போதும். குதிரை உலகத்தில் நூற்றுக்கு 35 நீந்தினாலே தேறியதாகக் கொள்கிறார்கள். ஒரு பெட்டைக்கு எட்டுக் குச்சிகளைக்கூட ஒரே நேரத்தில் செலுத்துகிறார்கள். அப்படியும் பாதிக்கு மேற்பட்ட முறைகளில் சினை பிடிக்காமல் போவது சாதாரணம். குதிரையின் விந்தணு குளிரைத் தாங்கும் உயிரல்ல. பல தலைமுறைகளாகக் காளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, விந்து நன்றாக உறைகிறதா, கன்று பிறக்கிறதா என்று பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள். குதிரையை ஓட்டத்துக்கும் தாண்டலுக்கும் அழகுக்கும் தேர்ந்தெடுத்தார்கள். அதன் விந்து எப்படி உறையும் என்ற கேள்வி கடைசியாகத்தான் வந்தது.

இந்தக் குச்சி பிறந்த ஊர் பிரான்சின் நார்மண்டியில், ஓர்ன் மாவட்டத்தில் இருக்கிறது. லேகிள் என்னும் சிறு நகரம். டென்மார்க்கில் சோரன்சன் என்ற ஆய்வாளர் 1940இலேயே விந்தை ஒற்றை டோஸ்களாகக் குழலில் அடைக்கும் யோசனையைக் கொண்டுவந்திருந்தார். மகளின் பிறந்தநாளில் குழந்தைகள் உறிஞ்சுகுழலால் பானம் குடித்ததைப் பார்த்தபோது அது தோன்றியதாகச் சொல்வார்கள். அதைப் பிளாஸ்டிக்கில் செய்து, ஈரம் பட்டதும் இறுகி அடைத்துக்கொள்ளும் பொடியை வைத்து, உலகம் முழுக்க ஒரே அளவில் கிடைக்கும் பொருளாக்கியவர் லேகிளைச் சேர்ந்த ரொபேர் கசு. 1963இல் அவர் தொடங்கிய ஐ.எம்.வி. நிறுவனம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதே மாவட்டத்தில்தான் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னராட்சி எழுப்பிய குதிரைப் பண்ணையான ஹரா டு பின்னும் இருக்கிறது. 'குதிரைகளின் வெர்சாய்' என்று பெயர் பெற்ற இடம். அரசுப் பொலிகுதிரைகளும் பிளாஸ்டிக் குழலும் ஒரே மாவட்டத்தில் இருந்தது நல்ல பொருத்தம். குதிரை உறைவிந்தைத் தேசிய அளவில் ஒழுங்குபடுத்தி, எது தேறும், எது தேறாது என்று வரம்பு வைத்து, தேறாததைக் கொட்டிவிடும் துணிவோடு நடத்திய முதல் நாடுகளுள் பிரான்ஸ் முக்கியமானது.

ஏன் உறைய வைக்க வேண்டும் என்பதற்கு நார்மண்டியில் பிறந்த ஒரு குதிரையே விடை. பலூபே டு ரூவே, 1989இல் பிறந்த செம்பழுப்புப் பொலிகுதிரை. பிரேசில் வீரர் ரொட்ரிகோ பெசோவாவைச் சுமந்து 1998, 1999, 2000 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தடைதாண்டலில் உலகக் கோப்பையை வென்றது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் தனிநபர் தங்கமும் அந்த இணைக்கே வந்தது. இப்படிக் கண்டம் விட்டுக் கண்டம் போய்ப் போட்டியிடும் குதிரையை வசந்த காலத்தில் ஒரு பண்ணையில் கட்டிப்போட்டு, ஊர் ஊராகப் பெட்டைகளை வரவழைக்க முடியாது. போட்டி ஓய்ந்த மாதங்களில் சேகரித்து உறையவைத்துவிட்டால், குதிரை மைதானத்தில் இருக்கும்போதே அதன் வாரிசு இன்னொரு நாட்டில் கருவாகலாம். குதிரை இறந்த பிறகும் ஆகலாம்.

பந்தயக் குதிரைகளான தரோபிரெட் இனத்துக்கு மட்டும் இதில் இடமில்லை. நேரடியாக இணைசேர்ந்து பிறந்த குட்டியைத்தான் அந்த இனப் பதிவேடுகள் ஏற்கும், உலகம் முழுவதும் அதுதான் விதி. எனவே கிண்டியில் ஓடிய எந்தத் தரோபிரெட்டும் குச்சியிலிருந்து வந்ததல்ல. தாண்டல் குதிரைகள், நடைப்பயிற்சிக் குதிரைகள், அரபுக் குதிரைகள், நம் மார்வாரி போன்ற இனங்கள்தான் இந்தக் கதைக்குள் வருபவை.

பெட்டைக் குதிரைக்குச் சினைப்பருவம் பகல் நீளும் காலத்தில் வரும். வட ஐரோப்பாவில் வசந்தத்தில் தொடங்கிக் கோடை வரை. ஆகவே உறைவிந்து நிலையங்களின் வேலை பெரும்பாலும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நடக்கும். பொலிகுதிரையை முதலில் தனியே நிறுத்தி நோய்ப் பரிசோதனை செய்கிறார்கள். குதிரைத் தொற்று இரத்தசோகை, குதிரைத் தமனி அழற்சி வைரஸ், பிறப்புறுப்பு வழியாகப் பரவும் டெய்லரெல்லா பாக்டீரியா ஆகிய மூன்றையும் விட்டுவைக்க முடியாது. இவற்றில் டெய்லரெல்லா தொற்று முதன்முதலாக வெளிப்பட்டது 1977இல், இங்கிலாந்தின் நியூமார்க்கெட் பண்ணைகளில். தமனி அழற்சி வைரஸ் இன்னும் சூழ்ச்சியானது. சில பொலிகுதிரைகள் எந்த அறிகுறியும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் அதை விந்தில் வெளியிட்டுக்கொண்டே இருக்கும். விந்தணுவைக் காப்பாற்றும் அதே குளிர் வைரஸையும் பத்திரமாகக் காப்பாற்றிவிடும். தரம் என்ற சொல்லின் முதல் பொருள் நோயின்மைதான். மற்ற அளவீடுகளெல்லாம் அதற்குப் பிறகு.

சேகரிக்கும் நாளில் குதிரை தோல் போர்த்திய பொம்மைப் பெட்டையின் மேல் ஏறுகிறது. பணியாளர் வெந்நீர் நிரப்பிய செயற்கைப் பிறப்புறுப்பைப் பிடிக்கிறார். உள்வெப்பம் 45 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். விந்தோடு வரும் கொழகொழப்பான ஜெல்லை வடிகட்டி நீக்குகிறார்கள். மிஞ்சுவது சில பத்து மில்லி. அதில் ஐந்நூறு முதல் ஆயிரத்து ஐந்நூறு கோடி வரை விந்தணுக்கள். வெயில் படக்கூடாது, குளிர்ந்த கண்ணாடி படக்கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது. நீர் பட்டால் விந்தணுவின் வால் சுருண்டுவிடும். ஆண்டுக்கணக்கில் கவனமாக வளர்த்த குதிரையின் பயனை ஈரமான ஒரு குடுவை நொடியில் கெடுத்துவிடும். உறைவிந்து ஆய்வகங்களில் நல்ல தொழிலாளியை மோசமானவரிடமிருந்து பிரிப்பது பெரிய அறிவல்ல, இந்தச் சின்னச் சுத்தங்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிறகு கொழுப்பு நீக்கிய பால் அல்லது பால்புரதம் சேர்ந்த கரைசலில் கலந்து, மையவிலக்கி எந்திரத்தில் சுழற்றுகிறார்கள். விந்தணுக்கள் அடியில் தங்க, அவற்றோடு வந்த விந்துநீர் மேலே நிற்கும். அதை எடுத்துவிடுகிறார்கள். வேகமாகச் சுற்றினால் விந்தணு நசுங்கும். மெதுவாகச் சுற்றினால் பாதி விந்தணுக்கள் மேலே நீரோடு போய்விடும். அடியில் தங்கியதை முட்டை மஞ்சள் கருவும் கிளிசராலும் சேர்ந்த உறைகரைசலில் மறுபடி கலக்கிறார்கள். மஞ்சள் கருவின் கொழுப்பு செல்சவ்வைக் குளிரதிர்ச்சியிலிருந்து காக்கிறது. கிளிசரால் செல்லுக்குள் நுழைந்து, பனிப்படிகங்கள் உருவாவதைக் கட்டுப்படுத்துகிறது.

கிளிசராலின் பங்கு தெரிந்தது ஒரு தவறான சீட்டால். குளிரில் விந்தணு அடங்கிப்போய், சூடேறினால் மறுபடி அசைவதை இத்தாலியரான ஸ்பலன்சானி 1776இலேயே பனியை வைத்துப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு 170 ஆண்டுகளுக்கும் மேல், ஆழ்குளிரில் உறையவைத்தால் அவற்றை மீட்க நம்பகமான வழி கிடைக்கவில்லை. 1949இல் லண்டனில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவர் சர்க்கரைக் கரைசலை வைத்து முயன்றுகொண்டிருந்தபோது, ஒரு புட்டியிலிருந்த கரைசலில் மட்டும் கோழி விந்தணுக்கள் உயிரோடு மீண்டன. புட்டியில் ஒட்டியிருந்த சீட்டு தவறு. உள்ளே இருந்தது கிளிசரால் கலந்த வேறொரு கரைசல். காளைக்கு அது வரமாக அமைந்தது. குதிரைக்கு வழி கரடுமுரடு. உறைந்த குதிரை விந்தால் சினை பிடித்த முதல் செய்தி 1957இல் கனடாவிலிருந்து வந்தது. அதுவும் விந்துச் சேகரிப்பிலிருந்து அல்ல, விரைமேல் குழாயிலிருந்து எடுத்த விந்தணுக்களால். குதிரையின் விந்தணுவுக்குக் கிளிசராலே ஓரளவு நஞ்சு. அதனால் அளவைக் குறைத்து வைக்கிறார்கள். சில இனங்களுக்கு அதுவும் பிடிப்பதில்லை. பிரேசிலில் மங்கலார்கா மார்ச்சடோர் குதிரைகளின் விந்து கிளிசராலில் மோசமாக உறைவதைக் கண்டு, டைமெத்தில்ஃபார்மமைடு போன்ற அமைடுகளுக்கு மாறினார்கள். சிறிய மூலக்கூறு என்பதால் செல்சவ்வின் வழியே எளிதில் போய் வரும்.

கலந்த விந்தைக் குச்சிகளில் நிரப்பி, முனையை அடைத்து, குதிரையின் பெயர், அடையாள எண், நிலையத்தின் எண், தேதி எல்லாவற்றையும் குச்சியின் மேலேயே அச்சடிக்கிறார்கள். ஒரு சேகரிப்பிலிருந்து பத்துப் பதினைந்து டோஸ் வந்தால் நல்ல நாள். முதலில் 5 டிகிரி வரை மெல்லக் குளிர்விக்க வேண்டும். 20 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடையில் அவசரப்பட்டால் செல்சவ்வின் கொழுப்பு விரிசல் விடும். அதன் பிறகு தலைகீழ். நிமிடத்துக்கு 60 டிகிரி என்ற வேகத்தில் இறக்க வேண்டும். கணினி பொருத்திய உறைவிப்பானில் செய்யலாம். வசதியில்லாத இடத்தில் தெர்மோகோல் பெட்டியில் திரவ நைட்ரஜனை ஊற்றி, அதன் மட்டத்துக்குச் சில சென்டிமீட்டர் மேலே குச்சிகளைக் கிடத்தி ஆவியிலேயே உறையவைக்கலாம். மெதுவாக உறைந்தால் வெளியே உள்ள நீர் முதலில் பனியாகி, மிச்ச நீரில் உப்பு ஏறி, செல் வறண்டு சாகும். மிக வேகமாக உறைந்தால் செல்லுக்குள்ளேயே பனி ஊசிகள் உருவாகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகலான வழி. அதைத் தாண்டியதும் மைனஸ் 196 டிகிரித் திரவத்தில் முழுக்கு. அங்கே காலம் நின்றுவிடுகிறது.

இப்போதுதான் கேள்வி: உள்ளே இருப்பது உயிரா, உறைந்த பாலா?

ஒரு சேகரிப்பிலிருந்து ஒரு குச்சியையாவது பலி கொடுத்தால்தான் தெரியும். 37 டிகிரி நீரில் 30 விநாடி வைத்து உருக்குகிறார்கள். குச்சியின் மேல் ஒட்டிய நீரை முழுக்கத் துடைத்துவிட்டுக் கத்தரித்து, வெதுவெதுப்பான சோதனைக் குழாயில் வடிக்கிறார்கள். பால் கரைசலில் மேலும் நீர்க்கச் செய்து, சில நிமிடம் 37 டிகிரியிலேயே ஓய்வு கொடுத்து, சூடேற்றிய மேடையுள்ள நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். பழகிய கண்ணுக்கு முதல் பார்வையிலேயே நிறையத் தெரியும். நேராகப் பாய்கிறதா, ஒரே இடத்தில் வட்டமடிக்கிறதா, வால் மட்டும் துடிக்கிறதா. ஆனால் கண்ணுக்கு ஆசையும் உண்டு. விலையுயர்ந்த குதிரையின் விந்தைப் பார்க்கும்போது 30 என்பது 40 ஆகத் தோன்றும். அதனால்தான் கணினிப் பகுப்பாய்வு வந்தது. கேமரா ஒவ்வொரு விந்தணுவின் தடத்தையும் நொடிக்குப் பல பத்துப் படங்களாகப் பிடித்து, அதன் வேகத்தையும் பாதை எவ்வளவு நேராக இருக்கிறது என்பதையும் கணக்கிடும்.

கணினி வந்துவிட்டது என்பதால் சர்ச்சை தீரவில்லை. முட்டை மஞ்சள் கருவின் துகளை அசையாத விந்தணு என்று அது எண்ணிவிடலாம். எந்த வேகத்துக்கு மேல் போனால் 'வேகமானது' என்பதை மனிதர்தான் அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். வரம்பை நொடிக்கு 20 மைக்ரோமீட்டரில் வைத்த ஆய்வகமும் 40இல் வைத்த ஆய்வகமும் ஒரே குச்சியைப் பார்த்து இரண்டு எண்களைத் தரும். இரண்டுமே பொய்யல்ல. வரம்பைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதுதான் தவறு. அதேபோல் உருக்கிய ஐந்தாவது நிமிடத்தில் பார்த்த எண்ணா, அரைமணி நேரம் 37 டிகிரியில் வைத்திருந்து பார்த்த எண்ணா என்பதும் முக்கியம். உருகியதும் 40 பேர் நீந்தி, ஒரு மணி நேரத்தில் ஐந்து பேர் மட்டும் மிஞ்சும் விந்தும் உண்டு; 32இல் தொடங்கி 25இல் நிற்கும் விந்தும் உண்டு. எனக்குக் கொடுத்தால் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

அடுத்தது எண்ணிக்கை. இங்கேதான் வாங்குபவர் பெரும்பாலும் ஏமாறுகிறார், அதுவும் யாரும் ஏமாற்றாமலேயே. சதவீதம் என்பது பங்கு. பெட்டையின் கருப்பைக்குள் போவது தொகை. பிரான்சின் பழைய அரசு முறையில் ஒரு குச்சிக்கு 5 கோடி விந்தணுக்கள், ஒரு டோஸுக்கு எட்டுக் குச்சிகள், மொத்தம் 40 கோடி. அதில் 35 சதவீதம் நீந்தினால் 14 கோடி. விளையாட்டுக் குதிரை இனவிருத்திக்கான உலகக் கூட்டமைப்பு பரிந்துரைத்த அளவோ, முன்னோக்கி நீந்தும் விந்தணுக்களே 25 கோடி இருக்க வேண்டும் என்பது. அதே 35 சதவீத விந்தில் அந்த அளவை எட்ட மொத்தம் 71 கோடி தேவை. பிரெஞ்சுக் குச்சியென்றால் பதினான்குக்கும் மேல். வேறு நிலையங்கள் அரை மில்லிக்குள் 10 கோடி அடைக்கின்றன. எனவே 'எட்டுக் குச்சி' என்பதும் 'ஒரு டோஸ்' என்பதும் ஊருக்கு ஊர் வேறு பொருள் தரும் சொற்கள். எண்ணும் முறையிலும் பிழை புகும். ஒளி ஊடுருவலை வைத்து அளக்கும் கருவி மஞ்சள் கருவின் கலங்கலில் தடுமாறும். கட்டம் போட்ட கண்ணாடியில் கையால் எண்ணுவது நம்பகமானது, நேரம் பிடிக்கும். டி.என்.ஏ.வோடு ஒட்டி ஒளிரும் சாயத்தைப் பயன்படுத்தும் டென்மார்க் கருவியான நியூக்ளியோகவுன்டர், கலங்கலைப் பொருட்படுத்தாமல் எண்ணுகிறது. செல்சவ்வு கிழிந்த விந்தணுக்களைத் தனியாக எண்ணித் தருவதால், உயிரோடிருப்பவை எத்தனை என்ற கணக்கும் கிடைத்துவிடும்.

நீந்துவதும் உயிரோடிருப்பதும் மட்டும் போதுமா? தலையின் நுனியில் முட்டைக்குள் நுழைய உதவும் மூடி சிதையாமல் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் டி.என்.ஏ. முழுதாக இருக்க வேண்டும். டொனால்ட் ஈவன்சன் 1980இல் முன்வைத்த சோதனையில், விந்தணுக்களை அமிலத்தில் சற்று வாட்டி, அக்ரிடின் ஆரஞ்சு சாயம் ஏற்றுகிறார்கள். முழுமையான டி.என்.ஏ. பச்சையாக ஒளிரும், உடைந்தது சிவப்பாக. நன்றாக நீந்தும் விந்தணுவும் சிவப்பாக ஒளிரலாம். அது முட்டையை அடையும், கருவும் தொடங்கலாம், நிலைக்காது.

அளவீடுகள் இத்தனை இருந்தும், உருக்கிய பின் நீந்தும் சதவீதத்துக்கும் சினை பிடிப்பதற்கும் உள்ள தொடர்பு பலவீனமானது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. மிக மோசமானதை ஒதுக்க அந்த எண் உதவும். நல்லவற்றுள் எது மேலானது என்று சொல்ல உதவாது. இதற்கு ஒரு காரணத்தை ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜமீரா கிப், ஜான் ஐட்கன் குழுவினர் 2014இல் எடுத்துக்காட்டினார்கள். குதிரை விந்தணு தன் ஆற்றலைப் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தே, ஆக்ஸிஜனை எரித்தே பெறுகிறது. அவர்கள் பார்த்தது உறையவைக்காத விந்து. அதில் சினைக்குக் காரணமான விந்துகளில் விந்தணுக்கள் வேகமாக நீந்தின. ஆனால் உயிரோடிருந்தவற்றின் விகிதம் குறைவாகவும் ஆக்ஸிஜனேற்றச் சிதைவு கூடுதலாகவும் இருந்தது. கடுமையாக உழைக்கும் விந்தணு சீக்கிரம் தீர்ந்துபோகிறது. அப்படியானால் நுண்ணோக்கியின் கீழ் அதிகம் உயிரோடிருப்பதே மேல் என்று எப்போதும் கொள்ள முடியாது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்த முடிவு இது.

தேறிய குச்சிகள் நைட்ரஜன் கலனில் காத்திருக்கின்றன. ஆண்டுகள் போனாலும் தரம் குறையாது. குறைவதெல்லாம் மனிதக் கையால்தான். ஒரு குச்சியைத் தேட அடுக்கு முழுவதையும் கலனின் கழுத்துக்கு மேலே தூக்கி நிதானமாகப் பெயர் படித்தால், மற்றக் குச்சிகள் மைனஸ் 130 டிகிரியைத் தாண்டிச் சூடேறலாம். அதற்கு மேல் பனிப்படிகங்கள் மறுபடி வளரத் தொடங்கும். திரும்ப உள்ளே இறக்கினால் உறைந்துதான் இருக்கும், வெளியிலிருந்து எந்த அடையாளமும் தெரியாது. நார்மண்டியில் 40 சதவீதம் காட்டிய குச்சி இன்னொரு நாட்டில் ஐந்து காட்டும்போது பழி அந்தக் குதிரைமேல் விழும்.

தொலைவுக்கு அனுப்ப உலர்கலன் உண்டு. உள்சுவரில் உள்ள உறிஞ்சுபொருள் நைட்ரஜனைக் குடித்துவிடும். திரவம் சிந்தாததால் விமானத்தில் ஏற்றலாம். நிமிர்த்தி வைத்தால் ஒரு வாரத்துக்கும் மேல் தாங்கும். படுக்கப் போட்டால் நைட்ரஜன் சீக்கிரம் ஆவியாகிவிடும். ஆகவே உள்ளே வெப்பநிலைப் பதிவுக் கருவி வைக்கிறார்கள். பாண்டியர் காலத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக நம் கடற்கரைக்கு வந்ததையும், பராமரிக்கத் தெரியாமல் அவற்றில் பல மடிந்ததையும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். மறுபடி மறுபடி வாங்கிக்கொண்டே இருந்தார்கள். ஓர் இனத்தின் சிறப்பைக் கடல் தாண்டிக் கொண்டுவர அன்று முழுக் குதிரையையே ஏற்ற வேண்டியிருந்தது. இன்று ஒரு கலன் போதும். பராமரிப்புத் தவறினால் மடிவதில் மட்டும் மாற்றமில்லை.

பெட்டையின் தொழுவத்தில் கலன் திறக்கப்படும் நேரம் மிக நுட்பமானது. நேரடியாக இணைசேர்ந்த குதிரையின் விந்தணு பெட்டைக்குள் இரண்டு மூன்று நாளாவது தாக்குப்பிடிக்கும். உறைந்து மீண்டதற்குப் பன்னிரண்டு மணி நேரமே பெரிது. எனவே கால்நடை மருத்துவர் அல்ட்ராசவுண்டில் சினைப்பையைப் பார்க்கிறார். முட்டைப்பை 35 மில்லிமீட்டரைத் தாண்டி, கருப்பையில் சினைப்பருவத்தின் வீக்கம் தெரிந்தால் டெஸ்லோரெலின் ஊசி போடுகிறார். சுமார் 40 மணி நேரத்தில் முட்டைப்பை வெடிக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும் போய்ப் பார்த்து, வெடித்த ஆறு மணி நேரத்துக்குள் விந்தைச் செலுத்துவது ஒரு முறை. ஊசி போட்ட 24ஆம் மணியிலும் 40ஆம் மணியிலும் பாதிப்பாதியாகச் செலுத்துவது இன்னொரு முறை. நீண்ட வளையும் குழாயை எந்தப் பக்கச் சினைப்பையில் முட்டைப்பை வெடிக்கிறதோ அந்தப் பக்கக் கருப்பைக் கொம்பின் நுனி வரை கொண்டுபோனால், குறைந்த விந்தணுக்களே போதும். செலுத்திய பின் கருப்பை விந்தணுக்களை அந்நியமாக எண்ணி அழற்சி கொள்ளும். வயதான பெட்டைகளில் அந்த நீர் வடியாமல் தேங்கும். சில மணி நேரம் கழித்துக் கழுவிவிட்டு ஆக்ஸிடோசின் கொடுக்க வேண்டும். இந்தக் கவனிப்பெல்லாம் தவறிவிட்டு 'குச்சி சரியில்லை' என்று சொல்வது எவ்வளவு எளிது!

நன்றாக நடத்தும் பண்ணைகளில் ஒரு சினைப்பருவத்துக்கு 40 முதல் 50 சதவீதம் வரை சினை பிடிக்கிறது. பதினான்காம் நாள் அல்ட்ராசவுண்டில் கருப்பையில் ஒரு கரும்வட்டம். அதன்பின் பதினொரு மாதக் காத்திருப்பு.

இதே குச்சிக்கு இப்போது இன்னொரு முடிவும் இருக்கிறது. ஒற்றை விந்தணுவை ஒற்றை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்ஸி முறை குதிரையில் முதன்முதலாக 1996இல் குட்டி தந்தது. இத்தாலியின் கிரெமோனாவில் சேசரே கல்லியின் ஆய்வகம் அதைத் தொழிலாகவே வளர்த்தெடுத்தது. இறந்துபோன பொலிகுதிரையின் கடைசிக் குச்சிகளை உறைந்த நிலையிலேயே சிறு துண்டாக வெட்டி, அந்தத் துண்டை மட்டும் உருக்குகிறார்கள். அங்கே 35 சதவீதம் என்ற வரம்புக்குப் பொருளில்லை. டி.என்.ஏ. முழுதாக உள்ள ஒரே ஒரு விந்தணு போதும். எட்டுக் குச்சிக்கு ஒரு முயற்சி என்றிருந்த கணக்கு, ஒரு குச்சிக்குப் பல முயற்சி என்று புரண்டுவிட்டது.

இந்தியாவில் குதிரை ஆராய்ச்சிக்கான தேசிய மையத்தின் பிகானேர் வளாகம் மார்வாரி போன்ற உள்நாட்டு இனங்களின் விந்தை உறையவைத்துச் சேமிக்கிறது. 2023 மே மாதம் அங்கே கருமாற்று முறையில் 'ராஜ் பிரதமா' என்ற மார்வாரிக் குட்டி பிறந்தது. மார்வாரி, கத்தியவாரி, மணிப்பூரி, ஸ்பிதி, ஜன்ஸ்கரி என நம் இனங்களின் எதிர்காலத்துக்கு இந்தச் சேமிப்பு அவசியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை வாங்கவும் விற்கவும் செய்பவர்கள் தொடக்கத்திலேயே நல்ல வழக்கத்தைப் பழகிக்கொள்ள வேண்டும். சான்றிதழில் ஒரே ஒரு சதவீதம் மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள். ஒரு டோஸில் முன்னோக்கி நீந்துபவை எத்தனை கோடி, எந்த வேகவரம்பில் அளந்தது, உருக்கிய எத்தனையாவது நிமிடத்தில் அளந்தது என்று கேளுங்கள். அந்தக் குதிரையின் உறைவிந்தால் ஒரு சினைப்பருவத்துக்கு எத்தனை பெட்டைகள் சினைபிடித்தன என்று கட்டாயம் கேளுங்கள். கலன் வந்து சேர்ந்ததும், சோதனைக்கென்றே கூடுதலாக வாங்கிய ஒரு குச்சியை, சினைப்பருவம் வருவதற்கு முன்பே உங்கள் மருத்துவரின் நுண்ணோக்கியில் உருக்கிப் பார்த்துவிடுங்கள்.